நண்டு மேசையிலிருந்து ஜூரிக்குப் போனவள்

பாதிக் கதை சொல்லி அவளிடம் ‘ஓம்’ வாங்க முடியாது. சொல்ல வந்ததைக் கடைசிவரை சொல்ல வேண்டும். அதுவரை தலை அசையாது, புருவம்கூட அசையாது. நாம் மூச்சு வாங்க நிறுத்தினால், “சொல்லி முடிங்கக்கா” என்பாள். எனக்கோ பொறுமை பிறவியிலேயே கிடையாது. நாலு சொல் காதில் விழுந்தால் யார் பிழை, யார் சரி என்று தீர்த்துக் கட்டிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட என்னைத்தான் நண்டுக் கம்பனியில் அவளுக்கு நேர் எதிரே இருத்தி வைத்தார்கள். எத்தனை வருஷம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நண்டு உடைத்திருக்கிறேன்!

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், “என்னைக் கேட்டீங்களா? நான் சொல்றதையும் முழுசாக் கேட்டுட்டா எழுதுனீங்க?” என்று வந்து நிற்பாள். நான் கம்பனியை விட்டு வந்து சில வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் அவளை நினைத்தால் எனக்கு இன்னும் பயம்தான்.

கம்பனி தீவில், கடலோரமாக இருந்தது. காலையில் அவித்து ஆறவைத்த நண்டு மேசைக்கு வரும். ஒரு மேசைக்கு ஆறு பெண்கள். தொப்பி, முகமூடி, கையுறை, ரப்பர் சப்பாத்து எல்லாம் போட்டால் பெற்ற தாய்க்கும் எங்களை அடையாளம் தெரியாது. சின்னக் கத்தியால் ஓட்டைப் பிரித்து, சதையை உடையாமல் எடுத்து, ஓட்டுத் துண்டு கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தட்டில் வைக்க வேண்டும். சம்பளம் ஆளுக்கு ஆள் இல்லை, மேசைக்குத்தான். ஆறு பேரும் எடுத்தது ஒன்றாக நிறுக்கப்படும், வருவது ஆறாகப் பிரியும். அதனால் ஒருத்தி வராவிட்டால் மற்ற ஐந்து பேரும் அதை உணர்வோம். அதற்கென்று எங்கள் மேசைக்கு நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பிள்ளைப்பேறு என்றாலும் செத்தவீடு என்றாலும், வராதவளின் பங்கு அவளுக்குப் போய்ச் சேரும். மற்றதற்கெல்லாம் இல்லை. கம்பனிக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அவள் பாலத்துக்கு அப்பால், பெருநிலத்திலிருந்து வருகிறவள். உயிலங்குளத்துக்கு அங்கால், வயலோரம், மலையகத்திலிருந்து வந்த சனங்கள் இருக்கிற குடியிருப்பு. கலவரத்தில் தோட்டத்தை விட்டு வந்து, கூலிக்கு வயல் வெட்டி, கடைசியில் கொஞ்சக் காணி பிடித்த குடும்பம். பிறந்தது இங்கேதான் என்றாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. நாங்கள் ‘வாறன், போறன்’ என்றால் அவள் ‘வாரேங்க, போறேங்க’ என்பாள். ஆரம்பத்தில் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பையும் அவள் முழுவதுமாகக் கேட்டுவிட்டு, “முடிஞ்சிருச்சாங்கக்கா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒருநாள் புருஷனோடு சண்டை பிடித்துவிட்டு வேலைக்கு வந்தேன். கொதி அடங்கவில்லை. முதல் தட்டு நிறைவதற்குள் அந்த மனிதனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டி முடித்தேன். மேசையே என் பக்கம். “அந்தாளை விட்டிட்டு வாடி” என்றுகூட ஒருத்தி சொன்னாள். இவள் மட்டும் கத்தியை வைத்துவிட்டு, “அண்ணன் என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“அந்தாள் என்ன சொன்னா எனக்கென்னடி?”

“அப்ப பாதிதானே சொல்லியிருக்கீங்க.”

எனக்கு வந்த கோபம்! அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. இரவு வீட்டுக்குப் போய், அவளில் இருந்த கோபத்தில்தான் புருஷனிடம் கேட்டேன், “நீங்கள் என்னதான் சொல்ல வந்தனீங்கள்?” என்று. அந்த மனிதன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, ஏதோ இளகிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை எங்கள் மேசைப் பெண் ஒருத்தி சதைப் பொட்டலம் ஒன்றை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போனாள் என்று காவலாளி பிடித்துவிட்டான். நாங்கள் எல்லோரும் அவளுக்காகக் கத்தினோம். இவள் கத்தவில்லை. காவலாளியைச் சொல்லச் சொன்னாள், அந்தப் பெண்ணையும் சொல்லச் சொன்னாள், அழுது முடிக்கும்வரை நின்றாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தே, “எடுத்தது நீங்கதாங்க” என்றாள். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் வேறு கம்பனிக்குப் போனபின், ஒரு மடுக் கோயில் பெருநாளில் என்னைக் கண்டு, “அண்டைக்கு என்ரை கதையைக் கேட்டது அவள் ஒராள்தான் அக்கா” என்று சொன்னபோதுதான் யோசித்தேன்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. டவுனில் மேல் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் ஜூரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஏழு பேர் இருந்து எல்லாவற்றையும் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் ஜூரி என்பதே அருமை. எங்களில் பாதிப் பேருக்கு அது படத்தில் வருகிற சாமான். இவள் உயர்தரம் படித்தவள், காணி உறுதியும் இவள் பெயரில் இருந்தது. எதனால் ஜூரிப் பட்டியலுக்குப் பெயர் போனதோ தெரியாது, போய்விட்டது.

“தோட்டத்துப் பெட்டைக்குக் கோட்டில என்ன வேலை?” என்று வேறு மேசைகளில் முணுமுணுப்பு. மனேஜர் அவளை எங்கள் மேசையடிக்கே வந்து பிடித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நண்டு குவிந்து வருகிற காலம், வெளிநாட்டு ஓடர் தலைக்கு மேல் நிற்கிறது.

“இஞ்ச பாரும் பிள்ளை. சீசன் நேரம். டொக்டரிட்ட வருத்தம் எண்டு ஒரு துண்டு எடுத்துக் குடுத்தா அலுவல் முடிஞ்சுது. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. எனக்குக்கூட ஒருக்கா வந்தது, நான் போகேல்லை. உலகம் அழிஞ்சே போச்சு?”

அவள் காத்திருந்தாள். “சொல்லி முடிச்சிட்டீங்களா சார்?”

“ஓம்.”

“எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்க சார்.”

மனேஜர் விறுக்கென்று திரும்பிப் போய்விட்டார். அன்று மாலை கம்பனி பஸ்ஸில் நானும் விடவில்லை. தெருவில் படுத்திருந்த கழுதைகள் எழும்பட்டும் என்று சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். “விசர் பிள்ளை, ஒரு துண்டுதானே, குடுத்தா என்ன?” என்றேன்.

“எங்க அப்பா இந்த நாட்டுலதாங்க்கா பொறந்தாரு,” என்றாள். “அவரோட அப்பாவும் இங்கதான். ஆனா நீ பிரஜை இல்லைன்னுட்டாங்க. பாதி வயசு வரைக்கும் அவருக்கு ஓட்டே இல்ல. ஒரு கந்தோர்ல போயி நின்னா, வாயைத் தொறக்கிறதுக்குள்ள ‘அடுத்த ஆள்’னுருவாங்க. அவரு சொல்ல வந்ததை ஒருத்தரும் முழுசாக் கேட்டதில்ல. இப்ப அவரு மகளைக் கூப்புட்டு, இரு, கேளு, கேட்டுட்டுத் தீர்ப்பைச் சொல்லுன்னு சொல்றாங்க. நான் காய்ச்சல்னு துண்டு குடுக்கவா?”

துண்டுக் கதையை நான் பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் எங்கள் மேசையில் பெரிய வழக்கு. அவள் கோட்டுக்குப் போகிற நாட்களில் பங்கு உண்டா, இல்லையா? “கோட்டுக்குப் போறது பிள்ளைப்பேறோ செத்தவீடோ?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளும் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள். இவளிடம் கேட்டால், “நீங்கதான் பேசி முடிவெடுக்கணும்” என்று எழும்பி முகம் கழுவப் போய்விட்டாள். கடைசியில் வாய் திறந்தது சிலாவத்துறை ராத்தா. எங்கள் மேசையில் மூத்தவர், அவ்வளவாகப் பேசாதவர். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனங்களை ஊரை விட்டு எழுப்பியபோது குடும்பத்தோடு போய், பிறகு திரும்பி வந்தவர்.

“எங்கட வாப்பா மவுத்தாகிற வரைக்கும் ஒண்டைத்தான் சொன்னவர். ‘ஊரை விட்டு எழுப்பினாங்க, போனம். திரும்பி வந்தம். எனக்கு என்ன நடந்ததெண்டு உக்காந்து முழுசாக் கேக்க ஒரு மனிசன் இல்லை’ எண்டு. இவ கேக்கப் போறா. என்ட பங்கில இருந்தெண்டாலும் குடுங்க.”

அதற்குமேல் யார் என்ன சொல்வது? பிள்ளைப்பேறு, செத்தவீடு, ஜூரி என்று எங்கள் வழக்கம் மூன்றாகியது.

வழக்கு இழுபட்டது. ஒரு நாள் நடக்கும், மறுநாள் தவணை சொல்லித் தள்ளிப்போடுவார்கள். தவணை நாட்களில் அவள் விடியவே கம்பனி பஸ்ஸில் வந்துவிடுவாள். மத்தியானத்தோடு கோடு முடிந்த நாட்களில் கோட்டுக்குக் கட்டிய சேலையோடு பஸ் பிடித்துக் கம்பனி வாசலுக்கு வந்து நிற்பாள், மிச்ச நேரமாவது வேலை செய்கிறேன் என்று. அரை நாளுக்கு ஆள் எடுப்பதில்லை என்று காவலாளி திருப்பி அனுப்புவான். நாங்கள் வழக்கைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவோம். யார் செத்தது, யார் கொன்றது, சாட்சி என்ன சொன்னான்? அவள் நண்டைத்தான் பார்ப்பாள். “அதைப் பேசக்கூடாதுங்கக்கா.” ஒரு மாங்காய்த் துண்டு கொடுத்துக்கூடப் பார்த்தேன். மாங்காயைத் தின்றாள், வாயைத் திறக்கவில்லை.

பிறகொரு தவணை நாள், காலையிலேயே காவலாளி அவளை உள்ளே விடவில்லை. மனேஜரின் உத்தரவாம். சில நாளில் வீட்டுக்குக் கடிதம் வந்தது, தானாகவே வேலையைக் கைவிட்டுப் போனவர் என்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நான் அவளுடைய வீட்டுக்கு ஓடினேன். தகப்பன் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, “வாங்கம்மா” என்றார். யாருக்கு முன்னும் அப்படித்தான் நிற்பார், குரல் பக்கத்து ஆளுக்கே கேட்காது.

“நாளைக்கே நீதிபதியிட்டச் சொல்லு,” என்று அவளிடம் குதித்தேன். “ஜூரிக்கு வந்ததால வேலை போச்சு எண்டு சொல்லு. அவர் மனேஜரை நடுங்க வைப்பார். ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்?”

நான் கத்தி முடிக்கும்வரை இருந்தாள். “இப்ப சொன்னா, இந்தப் புள்ளைக்கு மனசு வழக்குல இல்லைன்னு என்னைய எடுத்துருவாங்க. எடுத்தா மறுபடியும் முதல்லேருந்து நடக்கலாம். சாட்சிங்க எல்லாம் திருப்பி வந்து அதே அழுகைய அழணும். அங்க ஒரு அம்மா தினமும் வந்து...” சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பேசக்கூடாது என்று ஞாபகம் வந்துவிட்டது. “வழக்கு முடியட்டுங்க்கா. என் வேலைய அப்புறம் பேசுவேன். பேசாம விடமாட்டேன்.”

வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியாதா? தகப்பனுக்கு இடுப்பு முறிந்த வயசு. வேறு கம்பனிக்குப் போனால் இந்தக் கம்பனி நல்ல வார்த்தை சொல்லாது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அப்படி இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் நெல்லைக் கிளறுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

வக்கீல்மாரின் பேச்சு முடிந்து, இன்றைக்குத் தீர்ப்பு என்று ஊரெல்லாம் கதை. அதே காலையில் மனேஜர் புதிதாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அவளுடைய கதிரையில் இருக்கச் சொன்னார். பாவம், அந்தப் பெண்ணும் கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தவள்.

“இஞ்ச ஆள் இருக்கு,” என்றேன் நான்.

“எங்க ஆள்? வேலையை விட்டிட்டு எங்கயோ திரியிறா.”

ராத்தா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். “எங்க திரியிறா எண்டு பாத்திட்டு வாறம் சேர்.”

அவ்வளவுதான். ஐந்து பேரும் தொப்பியைக் கழற்றினோம். மேசை நிறைய நண்டு குவிந்து கிடந்தது. அதை விட்டுவிட்டு, ரப்பர் சப்பாத்தோடு தெருவுக்கு வந்து டவுன் பஸ்ஸை மறித்தோம்.

நீதிமன்றத்தில் பின்வரிசை வாங்கில் அவளுடைய தகப்பன் இருந்தார், தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையோடு. நாங்கள் அவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு இருந்தோம். எங்களிலிருந்து வந்த நண்டு மணத்துக்கு முன் வாங்கு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அப்போது ஜூரிமார் வரிசையாக உள்ளே வந்தார்கள், அவள் நாலாவது. தகப்பன் எழும்பி நின்றுவிட்டார். “இருங்கோ ஐயா, நீதிபதி இன்னும் வரேல்லை,” என்று கோட்டுச் சேவகர் காதுக்குள் சொன்னார். “எம் மக வந்துட்டா,” என்றார் அவர், உட்காரவில்லை. நீதிபதி வந்து எல்லோரும் எழும்பி மறுபடி உட்கார்ந்தபிறகும் அவர் நின்றார். சேவகரும் சொல்லிச் சலித்து விட்டுவிட்டார்.

தீர்ப்பு என்ன என்று நான் இங்கே எழுத மாட்டேன். அது இரண்டு குடும்பத்தின் கண்ணீர். ஏழு பேரும் ஒரே முடிவைச் சொன்னார்கள் என்பது மட்டும் போதும்.

நீதிபதி ஜூரிமாருக்கு நன்றி சொல்லி, போகலாம் என்றார். ஆறு பேர் இறங்கினார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஐயா, ஒரு விஷயம் சொல்லணுங்க. வழக்கு முடியுற வரைக்கும் சொல்லலீங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லுங்கோ.”

“நான் இங்க வந்து உக்காந்ததால கம்பனியில என் வேலை போயிருச்சுங்க. எனக்காக இரக்கப்பட வேணாம். ஆனா அடுத்த தடவை நீங்க கூப்புடுறவங்க, வேலை போயிரும்னு பயந்து பொய்க் காய்ச்சல் துண்டு குடுத்தா, இந்தக் கதிரைங்கள்ல யாருங்க உக்காருவாங்க?”

நீதிபதி கம்பனியைப் பற்றி விசாரித்தார். மனேஜரை அழைப்பிக்கும்படி எழுதச் சொன்னார். எங்கிருந்துதான் எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ, பின் வாங்கில் எழும்பி நின்று கத்தினேன், “அவர் வெளியில நிக்கிறார் ஐயா!”

உண்மைதான். அவித்த நண்டு பழுதாகப் போகிறது என்று மனிதர் வானை எடுத்துக்கொண்டு எங்களைத் துரத்தி வந்திருந்தார். யன்னலால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சேவகர் போய்க் கூட்டிவர, உள்ளே வந்து நின்ற மனேஜருக்கு வேர்வை ஆறாக ஓடியது. அவர் பேசத் தொடங்கியதும் நீதிபதி இடையில் வெட்டினார்.

“அவரு சொல்லி முடிக்கட்டுங்க ஐயா,” என்றாள் அவள்.

எனக்கு அவளைப் பிடித்து நுள்ள வேண்டும் போலிருந்தது. நீதிபதியே சிரித்துவிட்டார். மனேஜர் முழுக்கச் சொன்னார், சீசனை, ஓடரை, தலைமைக் கந்தோரின் நெருக்குவாரத்தை. கடைசியில், “பரவாயில்லை ஐயா, நாளைக்கே வரட்டும். புதுசா ஒரு நியமனக் கடிதம் குடுக்கிறன்,” என்றார்.

நீதிபதி அவளைப் பார்த்தார். “சம்மதமோ?”

ஓம் என்று சொல்லடி, என்று என் மனசு அடித்துக்கொண்டது. வேலை கையில் வந்துவிட்டது, இன்னும் என்ன?

“இல்லீங்க. புதுசாச் சேர்ந்தா இத்தனை வருஷம் நான் வேலை செஞ்சது இல்லைன்னு ஆயிரும். நான் வேலைய விடலீங்க. விடாத வேலைக்கு எப்படிங்க புதுசாச் சேருறது?”

நீதிபதி மனேஜரின் பக்கம் திரும்பினார். ஜூரிக்குக் கூப்பிட்டது நீதிமன்றம் என்றும், அதற்கு வந்தவளைத் தண்டிப்பது நீதிமன்றத்தோடு விளையாடுகிற விளையாட்டு என்றும் இரண்டே வசனத்தில் சொன்னார். மனேஜர் தலையைக் குனிந்தார். “பழைய வேலைதான் ஐயா. பழைய சேவையோடையே. கடிதத்தை வாபஸ் வாங்கிறன்.” சொன்னபடியே நடந்தது. புதிதாக வந்த பெண்ணையும் அனுப்பக்கூடாது என்று நாங்கள் பிடிவாதம் பிடித்து, எங்கள் மேசைக்கு ஏழாவது கதிரை போட வைத்தோம்.

அதெல்லாம் பிறகு. அந்த நேரம் நான் அவளுடைய தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். வளையாமல் நின்றார். என் பக்கம் திரும்பி, முன் வாங்குக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“பொறந்த நாட்டுல என்னையும் புதுசாத்தாம்மா பிரஜையாப் பதிஞ்சுக்கச் சொன்னாங்க. நான் சரிங்கன்னு பதிஞ்சுக்கிட்டேன். எம் மக சரின்னு சொல்லல, பாத்தீங்களா?”

அதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கில் உட்கார்ந்தார்.